ஒரு நாணயத்துக்குக் கீழே

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். வருவதற்குக் காரணம் தண்ணீர் வாரியம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நிற்பதற்குக் காரணம் குழாயின் தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையம் என்பது, அது தேய்ந்துபோய்ச் சொட்டத் தொடங்கும் வரை யாருக்கும் தெரியாது. அந்த வளையத்துக்கு வாஷர் என்று பெயர். அதைச் செய்துவந்த மனிதரை ஊரே வாஷர்க்காரர் என்று அழைத்தது.

வாஷர் செய்வது பார்ப்பதற்குத்தான் சுலபம். ரப்பரைப் பிசைந்து, கந்தகம் கலந்து, அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்த வேண்டும். சூடு குறைந்தால் வளையம் விரலில் ஒட்டும். கூடினால் பிஸ்கட் மாதிரி ஒடியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதத்தைப் பிடிப்பதற்காக வாஷர்க்காரர் பகல் முழுக்க அச்சு இயந்திரத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. "உங்களுக்கு நாற்காலி வாங்கினது தண்டம்" என்பாள், கம்பெனியின் வரவு செலவைப் பார்த்துக்கொண்ட அவர் மனைவி.

கம்பெனி பங்குச் சந்தைப் பட்டியலில் இருந்தது. இது அவர் செய்த வேலை இல்லை. பெட்டிக்கடைக்காரர்கள்கூடப் பட்டியலில் ஏறிய ஒரு காலத்தில் மாமனார் ஆசைப்பட்டு ஏற்றிவிட்டார். பிறகு கம்பெனியையும் பெண்ணையும் ஒரே வருடத்தில் இவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பட்டியலில் இருப்பதால் லாபம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் வாரியம் பட்டியலில் உள்ள கம்பெனிகளிடம் மட்டுமே பொருள் வாங்கும். செய்கிற வாஷரில் முக்கால்வாசி வாரியத்துக்குத்தான் போனது. பட்டியல் போனால் வாரியம் போகும்; வாரியம் போனால் அச்சு இயந்திரம் நிற்கும்; அதை நம்பி இருக்கிற நாற்பது வீடுகளின் அடுப்பும் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு நாள் காலை பங்குச் சந்தையிலிருந்து அறிவிப்பு வந்தது. தங்கள் பங்கின் விலை தொடர்ந்து முப்பது வர்த்தக நாட்கள் ஒரு நாணயத்துக்குக் கீழே இருந்திருப்பதால் தாங்கள் குறைபாடுள்ள நிறுவனம் என்று அறிவிக்கப்படுகிறீர்கள், தங்களுக்கு ஆறு மாதம் திருந்தும் காலம் வழங்கப்படுகிறது, அதற்குள் தொடர்ந்து பத்து நாள் ஒரு நாணயத்துக்கு மேலே இருந்து காட்டினால் மன்னிக்கப்படுவீர்கள், இல்லையேல் நீக்கப்படுவீர்கள்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"நாம என்னங்க தப்பு பண்ணோம்?"

"தொண்ணூத்தேழு காசுல இருக்கோம்."

"அது தப்பா?"

"நூறு காசு சேர்ந்தாத்தானே ஒரு நாணயம். மூணு காசு தப்பு."

வாஷர்க்காரர் பையில் ஒரு வாஷரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பதற்றமாக இருந்தால் அதை விரலில் மாட்டிச் சுற்றுவது அவர் வழக்கம்.

பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு இரண்டு வாசல் இருந்தது. முன்வாசல் கண்ணாடி. குறைபாடுள்ளவர்கள் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, இரும்புக் கதவு வழியாக வர வேண்டும். அங்கே ஓர் ஊழியர் அவருடைய சட்டையில் 97 என்று ஒரு சீட்டை ஒட்டினார். எதற்கு என்று கேட்டதற்கு, "மத்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கைதான் சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

நடைபாதையில் ஏற்கெனவே 91 என்று ஒட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தொளதொளத்த சட்டை, நரைத்த மீசை, கையில் ஆறிப்போன காபி.

"என்ன தொழில்?" என்று கேட்டார்.

"வாஷர்."

"நமக்கு ஆணி. துறைமுகத்துல மரப்பெட்டி அடிக்கிறாங்க பாரு, அதுக்கு. அங்கேயும் அதே கதைதான், பட்டியல்ல இருந்தாத்தான் எடுப்பாங்க." அவர் இவருடைய சீட்டைப் பார்த்தார். "தொண்ணூத்தேழா? பணக்காரரு. தள்ளி நில்லுங்க, எங்க காத்துப் பட்டு எறங்கிடப் போவுது."

வாஷர்க்காரருக்கு அன்றைக்கு முதல்முதலாகச் சிரிப்பு வந்தது.

தகுதிப் பிரிவு அதிகாரி இளவயதுப் பெண். மேசை மேல் ஒரு துளி தூசு இல்லை. எடுத்த எடுப்பிலேயே அன்பாகப் பேசினாள்.

"உங்களுது நல்ல கம்பெனி சார். எங்க வீட்டுக் குழாயில உங்க வாஷர்தான்."

"அப்புறம் என்னம்மா குறைபாடு?"

"விலை."

"அதை நான் எப்படி ஏத்துறது?"

"ஐயோ, நீங்க ஏத்தக் கூடாது சார். விலை ஏறணும்னு நீங்க ஏதாவது செஞ்சா அது சூழ்ச்சி. கண்காணிப்புப் பிரிவு வந்துரும்."

"அப்ப தானா ஏறட்டும்னு விட்டுரட்டுமா?"

"விட்டா அலட்சியம்னு எழுதுவாங்க. திருந்த முயற்சி எடுத்ததுக்கு ஆதாரம் வேணும்."

"முயற்சி எடுத்தா சூழ்ச்சி. எடுக்காட்டி அலட்சியம்."

"எவ்வளவு அழகாச் சொல்லிட்டீங்க. எங்க பயிற்சி வகுப்புல இதுக்கு ரெண்டு நாள் எடுத்துக்குவாங்க."

வாஷர்க்காரர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "எங்களைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டா, எங்க பங்கை வெச்சிருக்கிற ஜனங்க என்னம்மா பண்ணுவாங்க?"

"அவங்களைப் பாதுகாக்கத்தானே சார் எடுக்கறோம்."

"எப்படி?"

"பட்டியல்ல இல்லன்னா அந்தப் பங்குக்கு விலைன்னு ஒண்ணு இருக்காது. விலையே இல்லன்னா அது குறையவும் முடியாது பாருங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது. "ஒரே ஒரு வழி இருக்கு சார். பங்கு ஒருங்கிணைப்பு. பத்துப் பங்கைச் சேர்த்து ஒரு பங்குன்னு அறிவிச்சுருங்க. தொண்ணூத்தேழு காசு, ஒன்பது நாணயம் எழுபது காசு ஆயிரும். யாரும் ஒரு காசு போட வேண்டாம், யாருக்கும் ஒரு காசு வர வேண்டாம்."

"பத்து வாஷரை நூல்ல கட்டி ஒரு வாஷர்னு சொல்ற மாதிரி."

"நாங்க அதை மதிப்பு மீட்புன்னு சொல்லுவோம்."

வெளியே வந்து அவர் இதைச் சொன்னபோது ஆணிக்காரர் காபியைத் துப்பிவிடாமல் விழுங்கச் சிரமப்பட்டார்.

"அதைக் கேட்டுட்டுத்தான்யா நான் கெட்டேன். போன வருஷம் பத்து ஆணியை ஒரு ஆணின்னேன். கைதட்டினாங்க. கேடயம் கொடுத்தாங்க. விலை எட்டு நாணயத்துக்குப் போச்சு. மறுநாள் எல்லாரும் என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? 'கஷ்டத்துல இருக்கறவன்தானே ஒட்டுப்போடுவான்'னு. சறுக்கிச் சறுக்கி இப்போ இங்க வந்து நிக்கறேன். இப்போ புதுசா ஒரு விதி. ஒருதடவை ஒட்டுப்போட்டவனுக்குத் திருந்தும் காலம் கிடையாதாம்."

"அவங்கதானே போடச் சொன்னாங்க?"

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துனவன் கதை கேட்டிருப்பே. கொளுத்தச் சொல்லிட்டு, தீ வெச்சதுக்கு அபராதம் கேக்கறவனை இங்கதான் பாக்கலாம்."

இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். அன்று முதல் அவர்கள் நண்பர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பங்கு விலை தொண்ணூற்றாறு ஆயிற்று. குறைபாடுள்ள நிறுவனம் என்று பத்திரிகையில் வந்துவிட்டதே, அதனால். வாஷர்க்காரர் பட்டறைக்குள் நடந்த நடையில் தரையே தேய்ந்துவிடும் போலிருந்தது.

"இப்படி நடக்கறதை விட்டுட்டு ஒண்ணு யோசிங்க" என்றாள் மனைவி. "நம்ம பங்கை யாருங்க தினமும் விக்கறாங்க? யாரு வாங்கறாங்க?"

இந்த இடத்தில் விலை என்பது எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு லட்சம் பங்குகள் இருக்கலாம். அத்தனையும் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம். சந்தை மூடும் நேரத்தில் கடைசியாக ஒருவர் விற்று ஒருவர் வாங்கிய அந்த ஒரே ஒரு பங்கு என்ன விலைக்குக் கைமாறியதோ, அதுதான் தூங்குகிற லட்சம் பங்குக்கும் அன்றைய விலை. தெருவில் கடைசியாக நடந்துபோனவரின் செருப்பு அளவைத்தான் ஊரில் எல்லாருடைய கால் அளவு என்று எழுதிவைப்பதைப் போல.

வாஷர் கம்பெனிப் பங்குகள் சந்தை மூடுவதற்குச் சற்று முன்னால், தினமும் ஒரே நேரத்தில், சின்னதாக ஒருமுறை கைமாறின. வாஷர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் நடக்கும். ஷிப்டுக்கு டீ வரும்.

அவர் நேரே எதிரில் இருந்த டீக்கடைக்கு நடந்தார். அங்கே அவருடைய பட்டறை மேஸ்திரி போனை நோண்டிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரரும் அடுப்புக்கு அந்தப் பக்கம் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டேன்" என்றார் மேஸ்திரி.

"எடுத்துட்டேன்" என்றார் டீக்கடைக்காரர்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றார் வாஷர்க்காரர்.

மேஸ்திரி எழுந்து நின்றார். "டீ வாங்கறோம் மொதலாளி."

விஷயம் இதுதான். மாமனார் காலத்தில் போனஸுக்குப் பதிலாகத் தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரருக்கோ கம்பெனிமேல் பெரிய நம்பிக்கை. 'குழாய் இல்லாத வீடு ஏது' என்று சொல்லி, டீக்குப் பணமாக வேண்டாம், பங்காகவே கொடுங்கள் என்றுவிட்டார். இரண்டு வருடமாக நாற்பது பேரின் சாயங்கால டீ இப்படித்தான் ஓடுகிறது. மேஸ்திரி எல்லார் சார்பிலும் விற்பார், டீக்கடைக்காரர் வாங்குவார், பால் கொதிக்கும்.

"சரி, தொண்ணூத்தேழு ஏன்?" என்றார் வாஷர்க்காரர்.

"ரவுண்டா ஒரு நாணயத்துக்குத்தாண்ணே வாங்கிட்டிருந்தேன்" என்றார் டீக்கடைக்காரர். "போன பனியில இவங்க எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சு. இஞ்சி தட்டிப் போடுன்னாங்க. இஞ்சி என்ன சும்மாவா வருது? மூணு காசு கழிச்சுக்கிட்டேன்."

"இன்னிக்குத் தொண்ணூத்தாறு?"

"பேப்பர்ல குறைபாடுன்னு போட்டிருந்துச்சே. நானும் புள்ளகுட்டிக்காரன்."

வாஷர்க்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டறை ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள், அவர் உட்கார்ந்ததால். ஒரு நகரத்தின் தண்ணீர்க் குழாய்கள் அத்தனையும் ஒரு துண்டு இஞ்சியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இஞ்சியை நிறுத்திருவோம் மொதலாளி" என்றார் மேஸ்திரி. "தொண்டைதானே. வெந்நீர் குடிச்சுக்கறோம்."

மறுநாள் முதல் வெறும் டீ. ஒரு நாணயத்துக்கு மேலே இருக்க வேண்டுமே என்று டீக்கடைக்காரர் ஒரு காசு கூட்டி வாங்கினார்; விலை ஒரு நாணயம் ஒரு காசு. அடுத்த நாளும் அதே. நான்காம் நாள் ஒரு பங்கு ஆலோசனை நிறுவனம் அறிக்கை வெளியிட்டது: 'வாஷர் துறையில் உறுதியான தேவை தென்படுகிறது, நிர்வாகத்தின் தொலைநோக்கு பலன் தரத் தொடங்கிவிட்டது.' மனைவி அதை உரக்கப் படித்துவிட்டு, "உங்க தொலைநோக்கு இருமிக்கிட்டு இருக்கு, போய்ப் பாருங்க" என்றாள். பட்டறையில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் கண்காணிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி கண்ணாடி.

"ரெண்டு வருஷமா ஏறாத விலை திடீர்னு ஏறியிருக்கு. ஏன்?" என்றார் ஒருவர்.

வாஷர்க்காரருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "இஞ்சி போடறதை நிறுத்திட்டோம்."

இரண்டாமவர் எழுதிக்கொண்டார். "இந்த முடிவு எப்ப எடுத்தீங்க?"

"எடுத்த அன்னிக்கே நிறுத்திட்டோம்."

"இஞ்சி நிறுத்தப்படறதா எல்லா முதலீட்டாளர்களுக்கும் ஒரே நேரத்துல தெரிவிச்சீங்களா?"

"டீ குடிக்கறவங்களுக்குத் தெரியுமே. வாய்ல வெச்சாத் தெரிஞ்சிரும்."

"அதாவது, சிலருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்வையில் நீண்ட நாள் தேடிய புதையலின் மூடி அகப்பட்ட வெளிச்சம் இருந்தது. போகும்போது அத்தாட்சிக்காக ஒரு கிளாஸ் டீயை மூடி போட்ட பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. பத்து நாள் தொடர்ச்சி ஒன்பதில் அறுந்தது. சூழ்ச்சிச் சந்தேகம் வந்தால் ஆறு மாதத் திருந்தும் காலமும் ரத்து என்பது விதி.

விசாரணை பெரிய அறையில் நடந்தது. ஆணிக்காரருக்கும் அன்றைக்கேதான். குழுத் தலைவர் மென்மையான குரலில் பேசும் மனிதர். பேசிவிட்டு, தான் பேசியதைத் தானே ரசிப்பதற்காகச் சற்று நிறுத்துவார்.

வாஷர்க்காரர் பையிலிருந்து வாஷரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"வாஷருங்க. இதைத்தான் செய்யறோம். வாரியம் ஒண்ணுகூடத் திருப்பி அனுப்புனதில்ல. நாற்பது பேர் வேலை செய்யறாங்க. எல்லாருக்கும் மாசாமாசம் சம்பளம் போகுது."

"நல்லது" என்றார் தலைவர். குறிப்பு எடுப்பவரிடம் திரும்பினார். "அதை எல்லாம் நீக்கிவிடுங்கள். விலைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். நாங்கள் உங்கள் தொழிற்சாலையை வந்து பார்த்தால் மனம் இளகிவிடும். அதனால்தான் எந்தத் தொழிற்சாலையையும் பார்ப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். நடுநிலைமை என்றால் என்ன? தெரிந்துகொள்ளாமல் இருப்பது. இந்தப் பதவியில் பதினாறு வருடமாக நான் ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை."

உறுப்பினர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

"மலிவான பங்குகளை நீக்க ஆரம்பித்த பிறகு நம் சந்தையின் சராசரி விலை இரண்டு மடங்கு உயர்ந்திருக்கிறது. இன்னும் சிலரை நீக்கினால் மூன்று மடங்கு ஆகும். ஒரு நாள் இங்கே ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சும். அன்றைக்கு நம் சராசரியை உலகத்தில் யாராலும் தொட முடியாது. அந்த நாளைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெறுவேன்."

"அந்தக் கம்பெனி என்ன செய்யுங்க?" என்று கேட்டார் ஆணிக்காரர்.

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "அதைத் தெரிந்துகொள்வது நடுநிலைமைக்கு விரோதம் இல்லையா?"

இருவரும் நீக்கப்பட்டார்கள். நீக்கத்துக்கும் ஒரு சடங்கு இருந்தது. பட்டியலில் ஏறும்போது கூடத்தில் தொங்குகிற வெண்கல மணியை அடித்துத்தான் ஏறுவார்கள். இறங்குகிறவர்கள் அதே மணியின் நாக்கைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அது அடிக்காதபடி. புகைப்படம் எடுத்தார்கள். படத்துக்கான கட்டணச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லு வாஷர்" என்றார் ஆணிக்காரர். "நாளைக்குப் பேரன் பேத்தி பாக்கும்."

மறுநாள் காலையிலேயே தண்ணீர் வாரியத்தின் கொள்முதல் அதிகாரி போன் செய்தார். வயதானவர், நல்லவர், விதியை மீறினால் ஜுரம் வந்துவிடும் சுபாவம்.

"எனக்கே வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பட்டியல்ல இல்லாதவங்ககிட்ட நான் ஒரு வளையம் வாங்க முடியாது."

"விதியில என்னன்னுதாங்க இருக்கு? ஒருதடவை படிச்சுச் சொல்லுங்க" என்றார் வாஷர்க்காரர், போனும் கையுமாக நடந்துகொண்டே.

அதிகாரி படித்தார். "'பங்குகள் அன்றாடம் கைமாறுவதும், அன்றைய விலை பொதுமக்கள் பார்வைக்கு எழுதி வைக்கப்படுவதுமான ஏதேனும் ஒரு சந்தையில் இடம்பெற்றிருத்தல் வேண்டும்.'"

வாஷர்க்காரர் நின்றார். எதிரில் டீக்கடை. அங்கே கரும்பலகையில் டீ, காபி, பால் என்று சாக்பீஸில் விலை எழுதியிருந்தது. அதற்குக் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது.

அன்று சாயங்காலமே நான்காவது வரியாக 'வாஷர், 1 நாணயம் 1 காசு' என்று ஏறியது. கொள்முதல் அதிகாரி நேரில் வந்தார். மேஸ்திரி விற்பதையும் டீக்கடைக்காரர் வாங்குவதையும் கண்ணால் பார்த்தார். பலகையைத் தள்ளி நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படித்தார்.

"பெரிய எழுத்தா, தெளிவா இருக்கு" என்றார் திருப்தியாக. "அந்த இன்னொரு சந்தையில எனக்கு ஒண்ணும் தெரியறதே இல்ல." ஆர்டர் புதுப்பிக்கப்பட்டது. பட்டறையில் டீக்கு மறுபடி இஞ்சி தட்டினார்கள்; இந்தத் தடவை டீக்கடைக்காரர் அதற்குக் காசு கழித்துக்கொள்ளவில்லை.

ஆணிக்காரர் தகவல் தெரிந்து அடுத்த பேருந்தில் வந்து சேர்ந்தார். 'ஆணி' ஐந்தாவது வரி. துறைமுகத்தாரும் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். பிறகு நீக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். மெழுகுவத்தி செய்கிறவர், பொத்தான் செய்கிறவர், கயிறு திரிக்கிறவர். கடையில் உட்கார இடமில்லை. பலகை போதாமல் சுவரில் கறுப்புச் சாயம் அடித்தார்கள். ஆணிக்காரர் தினமும் வந்து வாஷர்க்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாஷர்க்காரர் உட்காரக் கற்றுக்கொண்டது அந்த பெஞ்சில்தான்.

டீக்கடைக்காரரிடம்தான் மாற்றம் தெரிந்தது. முதலில் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். பிறகு பையில் பேனா. சாயங்காலம் சந்தை முடிந்ததற்கு அடையாளமாகக் கிளாஸில் கரண்டியால் மூன்று தடவை தட்டுவார். அது வரைக்கும் யாரும் டீ கேட்கக் கூடாது. ஒரு நாள் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

"கூட்டம் ஜாஸ்தியாயிருச்சு. சுவத்துல எடம் இல்ல. தரம்னு ஒண்ணு வேணும்ல? நாளையிலேருந்து ஒரு நாணயத்துக்குக் கீழ இருக்கறதை எல்லாம் அழிச்சிரப் போறேன்."

மெழுகுவத்திக்காரரும் மற்றவர்களும் சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரு நாணயத்துக்கு மேலே. வாஷர் தொண்ணூற்றைந்து. ஆணி தொண்ணூற்றிரண்டு.

வாஷர்க்காரர் எழுந்துவிட்டார். "நேத்து வரைக்கும் நாங்க ஒரு நாணயத்துக்கு மேலதானேப்பா இருந்தோம்? எப்படி எறங்குச்சு?"

"இன்னிக்கு நான் அந்த விலைக்குத்தாண்ணே வாங்குனேன்."

"ஏன் குறைச்சு வாங்குனே?"

"கீழ இருக்கறதை அழிச்சிரப் போறாங்கன்னு சந்தையில ஒரு பயம் இருக்குல்ல. அழிச்சிட்டா அப்புறம் யாரு வாங்குவா? அதான் பாத்து வாங்குனேன்."

"அழிக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"பயந்தது யாரு?"

"அதுவும் நான்தாண்ணே." டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதலீட்டாளரை யாராவது பாதுகாக்கணும்ல?"

அவர் ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். நாளைக் காலையில் கொள்முதல் அதிகாரி வருகிறார், அடுத்த வருடத்து ஆர்டருக்காக. சுவரில் பெயர் இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தெருவுக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் அழுத்தித் திறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஸ்திரி கைகளைக் கட்டிக்கொண்டு மொதலாளியையே பார்த்தார். வாஷர்க்காரர் பெஞ்சுக்கும் அடுப்புக்குமாக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"அண்ணே, நீங்க அனுபவப்பட்டவரு. பெரிய பெரிய குழுவெல்லாம் பாத்தவரு" என்றார் டீக்கடைக்காரர். "நானும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்யணும்னு நினைக்கறேன். நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க, அப்படியே வெச்சுக்கறேன்."

"சொல்லு வாஷர்" என்றார் ஆணிக்காரர். டீயை ஊதிக்கொண்டே, நிம்மதியாகக் காலை நீட்டினார். "நம்ம ரெண்டு பேரும் படாததா? இந்த ஆளுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லு."

வாஷர்க்காரர் வாயைத் திறந்தார். விதியே வேண்டாம், எல்லாரும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லத்தான் திறந்தார். டீக்கடைக்காரர் தோளில் துணியோடு காத்திருந்தார். இந்த ஆள் விதியே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் காலையில் முதல் வேலையாகத் துடைப்பான். கேட்கிறபோதே ஒப்புக்கொள்கிற மாதிரி எதையாவது சொல்ல வேண்டும். அவர் கண் சுவருக்குப் போயிற்று. தொண்ணூற்றைந்து. அதற்குக் கீழே தொண்ணூற்றிரண்டு.

"ஒரு நாணயம்ங்கறது ரொம்ப ஜாஸ்திப்பா" என்றார். குரல் அவருக்கே மென்மையாகக் கேட்டது. "தொண்ணூத்திநாலுன்னு வை."

டீக்கடைக்காரர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். பிறகு தோளிலிருந்து துணியை எடுத்தார்.

ஆணிக்காரர் கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார். அதில் பாதி டீ இருந்தது.